வான்கோழிகளைத் தனியே வைக்கச் சொன்னார்கள்

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு நாள், மூக்குக் கண்ணாடி மாற்றப் போன என் கணவர் நாலு மாசி வீதிகளையும் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பிறந்து வளர்ந்ததே அந்தத் தெருக்களில்தான். கடை எந்த வீதியில் என்பது மறந்துபோயிருக்கிறது. கேட்க வெட்கம். வெயில் தாழ்ந்த பிறகு, அவரிடம் படித்த ஒருவர் பார்த்து, "சார், இதே இடத்துல காலையிலயும் உங்களப் பாத்தேனே" என்று கையைப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். இறங்கியதும் இவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "கடை லீவும்மா" என்றார். கடை லீவு இல்லை.

அவர் ஒரு மிஷன் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுத்தவர். நான் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர் என்பதால் அவர் வீட்டில் இருக்க, நான் இன்னும் காலையில் டிபன் பாக்ஸோடு ஓடிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் அங்கேயே.

கே.கே. நகரில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசவில்லை. இருவரையும் வைத்தே சொன்னார். "மூளை சுருங்கிக்கிட்டு வருது சார். திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது. வேகத்தக் குறைக்கப் பார்க்கலாம், அம்புட்டுதான். சும்மா உக்காராதீங்க. கைக்கு ஏதாவது வேலை இருக்கணும்." என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மூளையின் எந்தப் பகுதி என்று கேட்டார். டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயரை அவர் சரியாக உச்சரித்துத் திருப்பிச் சொன்னார். பாடம் நடத்தியவர்தானே.

வரும்போது ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பாதி வழியில் என் தோளைத் தட்டி, "கோழி வளர்க்கலாமா?" என்றார்.

வீட்டை ஒட்டி எங்களுக்கே ஒரு காலி மனை இருந்தது. மகளுக்கென்று வாங்கிப் போட்டது. சுற்றுச்சுவர் உண்டு, உள்ளே ஒரு வேப்பமரமும் முள்ளும்தான். முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, ஒரு தகரக் கொட்டகை போட்டோம். பக்கவாட்டில் கம்பி வலை, தரையில் உமி. ஒரு சனிக்கிழமை வாடிப்பட்டிச் சந்தைக்குப் போய் நாட்டுக்கோழிப் பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கிவந்தோம். கால் கட்டிய கோழிகளைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கோழியின் முன்னோர் காட்டில் எப்படி இருந்தன என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பேச்சு எங்கும் தடுக்கவில்லை. எனக்கு டாக்டர் சொன்னது தப்போ என்றுகூடத் தோன்றியது.

கோழிகளோடு நின்றிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. பக்கத்து வீட்டு பாய் டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இவர் கோழி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு, தன் மைத்துனர் வீட்டிலிருந்து வான்கோழிக் குஞ்சுகள் கொண்டுவந்து கொடுத்தார். அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் சோழவந்தான் பக்கம் பட்டி போட்டிருந்தார்கள். அவர்களிடம் போய் இவரே பேசி வாத்துகள் வாங்கிவந்தார். என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, தன் வீட்டுக் கினிக்கோழிகளின் சத்தம் தாங்காமல் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தனுப்பினாள். கினிக்கோழி இருந்தால் பாம்பு வராது என்பாள். அவள் வீட்டில் பாம்பு வந்ததா இல்லையா தெரியாது, தூக்கம் வந்ததில்லை.

கொட்டகை ஒன்றுதான். எல்லாவற்றையும் அதிலேயே விட்டோம்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். மடியில் கம்பும் குருணையும் கலந்த கிண்ணம். கோழிகள் காலைச் சுற்றி மொய்க்கும். வாத்துகள் குடிக்கிற தண்ணீரில் தலையை முக்கி உதறி, அந்த இடத்தையே சேறாக்கும். கினிக்கோழிகள் காரணமில்லாமல் கத்திக்கொண்டு சேவலை மூலைக்கு விரட்டும். வான்கோழிகள் மட்டும் எதிலும் சேராமல், விசாரணைக்கு வந்த பெரிய மனிதர்கள் மாதிரி நிற்கும். அவர் இது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாம் ஒண்ணா இருக்கிறப்பதாம்மா பாக்க நல்லாருக்கு. லேப்ல பாட்டில்ல தனித்தனியாப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு" என்றார் ஒரு நாள்.

வீட்டுக்குள் அவர் தேடும் சொற்கள் கிடைக்காமல் போகத் தொடங்கியிருந்தன. "அது... அத எடும்மா" என்பார். டம்ளரா, துண்டா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கொட்டகைக்குள் போய்விட்டால் வான்கோழிக்கு லத்தீன் பெயர்கூட வந்துவிடும். பாயின் மனைவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்னைக்கு யாருக்குப் பாடம்?" என்பார். "இன்னைக்கு ரிவிஷன்" என்பார் இவர்.

முதல் வான்கோழி சோர்ந்தது பங்குனி வெயிலில். வெயில் என்றுதான் நினைத்தோம். இறக்கை தரையைத் தொடும்படி தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. "தூங்குது" என்றார் இவர். மறுநாளும் தூங்கியது. கீழே எச்சம் கந்தகம் கரைத்த மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. நான் அரை நாள் லீவு போட்டு, அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவரும் கூட வந்தார்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. பெட்டிக்குள் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கோழியோட சேத்து வச்சிருக்கீங்களா?"

ஆமாம் என்றேன்.

"சேத்து வைக்கக் கூடாது டீச்சர். இது கருந்தலை நோய். கோழி வயித்துல ஒரு புழு இருக்கும். அதோட முட்டைக்குள்ள இந்தக் கிருமி ஒளிஞ்சிருக்கும். எச்சத்துல வெளிய வந்து மண்ணுல கெடக்கும். கோழிக்கு ஒண்ணும் செய்யாது, அது பாட்டுக்கு நல்லாருக்கும். அதே எடத்துல மேயிற வான்கோழிக்கு ஈரல்ல இறங்கிரும். வான்கோழி தாங்காது."

"மருந்து இருக்கா?"

"தாரேன். இது பொழைக்கிறது கஷ்டம். மிச்சத்தப் பிரிச்சு வைங்க. முடிஞ்சா வேற மண்ணுல வைங்க. இந்த முட்டை அந்த மண்ணுலயே வருசக்கணக்குல சாகாமக் கெடக்கும்."

பக்கத்தில் நின்ற என் கணவர் அந்தக் கிருமியின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "சார் எங்க வேலை பாத்தீங்க?" என்றார். இவர் பள்ளியின் பெயர் நினைவுக்கு வராமல் என்னைப் பார்த்தார்.

பெட்டியில் இருந்தது வீடு வந்து சேர்ந்த அன்றே செத்துப்போனது. அவரே வேப்பமரத்தடியில் குழி வெட்டினார். நான் ஒரு வெல்டரைக் கூப்பிட்டு, கொட்டகைக்குள் கம்பி வலையால் தடுப்புப் போடச் சொன்னேன். ஒரு பக்கம் கோழியும் கினிக்கோழியும், நடுவில் வாத்து, கடைசியில் மண்ணை வழித்துக் கொட்டிவிட்டுப் புது மணல் பரப்பி வான்கோழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கதவு, கொண்டி. வெல்டர் வேலை பார்த்த நேரமெல்லாம் இவர் பக்கத்தில் நின்று கம்பியை எடுத்துக் கொடுத்தார். ஏன் பிரிக்கிறோம் என்பதை வெல்டருக்கு அவர்தான் விளக்கினார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. பறவைகள் முன்போலவே ஒன்றாகக் கலந்து, வான்கோழிகள் கோழி எச்சத்தின் மேல் கிடந்த கம்பைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க தொறந்தது?"

"நான்தான். யாரோ பாவம் உள்ள அடைச்சு வச்சிருக்காங்கம்மா."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். டாக்டர், மஞ்சள் எச்சம், குழி. அவர் முகம் வெளிறியது. "ஐயோ, ஆமால்ல. நானா தொறந்தேன்?" என்றார். எழுந்துபோய் அவரே வான்கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே விட்டு, கொண்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த நாள் நான் வந்தபோது மறுபடியும் திறந்து கிடந்தது.

கதவுகளில் 'திறக்கக் கூடாது' என்று அட்டை எழுதிக் கட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் திறந்தார். பிள்ளைகளுக்காக யாரோ எழுதிவைத்தது என்று நினைத்திருக்கிறார். பள்ளியிலிருந்து மத்தியான இடைவேளையில் போன் செய்து ஞாபகப்படுத்துவேன். "தெரியும்மா, எத்தன தடவ சொல்லுவ" என்று எரிச்சல்படுவார். போனை வைத்துவிட்டுப் போய்த் திறப்பார். அவர்மேல் கோபம் வரும். யார்மேல் கோபப்படுகிறோம் என்று யோசித்தால் அதுவும் போய்விடும். நோயைப் பற்றி முழுதும் தெரிந்தவரும் அவர்தான், கதவைத் திறப்பவரும் அவர்தான். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் உட்காரவைத்துப் பேச என்னால் முடியவில்லை.

அதற்குள் இன்னொரு வான்கோழிக்கும் இறக்கை தொங்கத் தொடங்கியிருந்தது. நான் பூட்டு வாங்கிவந்தேன். காலையில் அவர் குளிக்கும்போது தடுப்புக் கதவுகளையும் கொட்டகையின் வெளிக்கதவையும் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. பாயின் மனைவி போன் செய்தார். வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண். சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"டீச்சர், செத்த வாரீங்களா. சார் வலையப் பிடிச்சு உலுக்கிக்கிட்டே இருக்காக. கையெல்லாம் ரத்தம். நாங்க போனா கிட்ட விட மாட்டேங்குறாக."

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் வந்தேன். சிம்மக்கல்லில் நெரிசல். திண்டுக்கல் ரோட்டில் ஒரு லாரியைத் தாண்ட முடியாமல் அதன் புகையிலேயே வந்தேன். மனைக்குள் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். கடைக்குப் போகாமல் நின்றிருக்கிறார். என் கணவர் கொட்டகைக் கதவில் முகத்தை வைத்து நின்றிருந்தார். கம்பி முனை குத்தி இரண்டு உள்ளங்கைகளும் கிழிந்திருந்தன. சட்டையிலும் வலையிலும் ரத்தம். உள்ளே கினிக்கோழிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "மேடம், மணி அடிச்சாச்சு. பிள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. தண்ணி குடிக்கணும், வெளிக்குப் போகணும். யாருகிட்ட சாவி இருக்குன்னு தெரியல. நான் காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்."

மேடம் என்றுதான் சொன்னார்.

சாவி என் கைப்பையில் இருந்தது. எடுத்துத் திறந்தேன். அவர் உள்ளே போய் ஒவ்வொரு தடுப்பாக நின்று, நான் பூட்டைத் திறக்கத் திறக்கக் கதவை விரித்துவிட்டார். பறவைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன. அவர் ஓரமாக நின்று, "ஓடாதீங்க, வரிசையாப் போங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது மட்டும்தான். இப்போது கண்ணீர் வழிய நின்றார், அது தெரியாமலே.

கைக்குத் தையல் போட்டு வந்த மாலை, கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, பிரித்து வைக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வான்கோழி ஒண்ணொண்ணாப் போயிரும் டீச்சர்" என்றார். "ஏன், எடம் இல்லையா?" இடம் இருக்கிறது என்றேன்.

பூட்டுகளை எடுத்து அலமாரிக்குள் போட்டேன். வெல்டரைத் திரும்பக் கூப்பிட்டுத் தடுப்புகளை எடுத்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வான்கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பாய் சொன்னார். "நோய் வந்த எடத்துல நின்னது. வாங்குறவுகளுக்குச் சொல்லித்தான் குடுக்கணும் டீச்சர். சொன்னா யாரும் வாங்க மாட்டாக" என்று அவரே முடித்தார்.

வான்கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். வாத்துகள் அதில் தலையை முக்கி உதறின. கடைசியாக நின்ற ஆண் வான்கோழி தோகையை ஒருமுறை விரிக்கப் பார்த்து, பாதியில் முடியாமல் கீழே விட்டுவிட்டது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தலை கறுத்துப்போயிருந்தது. "என்னம்மா செய்யுது இதுக்கு?" என்றார். சொன்னேன். கிருமியின் பெயர் அவருக்கு இந்த முறை வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்துக்குக் கீழே சாரல், அதோடு வாத்துகள் போட்ட சேறு. உமி எவ்வளவு மாற்றிப் போட்டாலும் ஒரே நாளில் நசநசத்துப்போனது. அடை வைத்துப் பொரித்த கோழிக்குஞ்சுகள் அந்த ஈரத்தில் ரத்தமாகக் கழிந்து குன்றிப்போயின. பிரித்து வைத்திருந்தால் அவற்றுக்கு ஒரு காய்ந்த மூலையாவது கிடைத்திருக்கும். பள்ளியிலிருந்து வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல், டார்ச்சோடு போய் மூலைகளில் தேடுவேன். செத்துக் கிடந்ததைப் பழைய செய்தித்தாளில் சுற்றுவேன்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு சாவையும் அவரிடம் சொல்லிவந்தேன். சொல்லும்போதெல்லாம் அவர் முதல்முறை கேட்பதுபோலத் துடித்துப்போவார். சாயங்காலம் மறுபடி கேட்பார், "அந்தப் பெரிய வான்கோழி எங்க?" மறுபடி சொன்னால் மறுபடி துடிப்பார். ஒரே பறவைக்கு ஒரே நாளில் அத்தனை முறை துக்கப்பட்டார். அதனால் சொல்வதை நிறுத்தினேன். "மேயப் போயிருக்கு" என்பேன். "சரி, வரட்டும்" என்பார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மனைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மகள் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். கொட்டகையைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த தழும்பைப் பார்த்தாள். சமையலறையில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள்.

"அம்மா, இதெல்லாம் யாருக்காக வச்சிருக்கீங்க?"

"அப்பாவுக்கு வேலை வேணும்னு டாக்டர் சொன்னாருல்ல."

"அப்பா வேலை செய்யலம்மா. நீங்கதான் செய்யிறீங்க. அப்பா சும்மா உக்காந்திருக்காரு."

அவள் சொன்னது சரி. பல மாதங்களாகவே அவர் தீவனம் வைப்பதில்லை. மடியில் கிண்ணம் இருக்கும். கம்பு அப்படியே இருக்கும். கோழிகள் கிண்ணத்தில் ஏறி நின்று கொத்தும். அவர் கண் எங்கேயோ இருக்கும்.

மிச்சம் இருந்த வாத்துகளையும் கினிக்கோழிகளையும், தேறிய சில கோழிகளையும் பாயின் மாமனார் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த தன் தோப்புக்குக் கொண்டுபோனார். அங்கே வான்கோழி இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டியில் ஏற்றும்போது இவர் பார்க்க வேண்டாம் என்று உள்ளே உட்காரவைத்து டிவி போட்டேன். கினிக்கோழிகள் தெருமுனை வரை கத்திக்கொண்டே போனது கேட்டது. அவர் தலையைத் திருப்பவில்லை.

பிறகு நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தார், "அதுங்க எங்க?" எதுங்க என்று அவருக்கே சொல்ல முடியவில்லை. கையால் தரையிலிருந்து முழங்கால் உயரம் காட்டுவார். அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. கேட்காமல் விடமாட்டார் என்பதால், கோடை விடுமுறையில் ஒரு நாள் அவரைத் தோப்புக்கே கூட்டிப்போனேன். வாத்துகள் கொழுத்திருந்தன. கிணற்றடியில் ஓடிய தண்ணீரில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாயின் மாமனார் நாற்காலி எடுத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"சார், உங்க வாத்துதான். எம்புட்டுப் பெருசாயிருச்சு பாருங்க."

அவர் பார்த்தார். மரியாதைக்குச் சிரித்தார். என் பக்கம் குனிந்து மெதுவாக, "இது யாரு வீடு? எப்பப் போறோம்?" என்றார். ஒரு கோழி அவர் செருப்பைக் கொத்தியது. காலை இழுத்துக்கொண்டார், பயந்தவர் மாதிரி.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவரை ஜன்னலோரம் விட்டேன். சமயநல்லூர் தாண்டியபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வெளியாட்களிடம் எப்போதும் காட்டும் அந்தப் பணிவோடு கேட்டார்.

"நீங்க எங்க இறங்கணும்?"

"விளாங்குடி" என்றேன்.

"நானும் அங்கதான். ஸ்டாப் வந்தாச் சொல்லுங்க. எனக்கு இப்பல்லாம் மறந்துருது."

சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தொந்தரவு கொடுக்க விரும்பாதவர்போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் ஒரு பயணியாக உட்கார்ந்து வந்தேன். ஸ்டாப் வந்ததும், "வந்துருச்சு சார்" என்று சொல்லித்தான் இறக்கினேன். "ரொம்ப தேங்க்ஸ்" என்றார்.

அதிலிருந்து வேகமாகச் சரிந்தது. ஒரு வருடத்துக்குள் நடை போனது, பிறகு பேச்சு. நான் ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். மகள் வாரம் தவறாமல் வீடியோவில் வருகிறாள். பேரன் "தாத்தா" என்று கூப்பிடுகிறான். செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான்தான் பதில் சொல்கிறேன். பாயின் மனைவி ரம்ஜானுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். காலி மனையில் முள் மறுபடியும் மண்டிவிட்டது. வெட்ட ஆள் கூப்பிடவில்லை.

போன மாதம் எங்கள் சபைப் போதகரான ஐயர், ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, என் கணவருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி வைத்திருந்தேன். ஐயர் ஜெபம் பண்ணி, அப்பத்தைப் பிட்டு அவர் உதட்டருகே கொண்டுபோனார். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் தாடையைத் தொட்டு, "திறங்க" என்றேன். கண் திறந்துதான் இருந்தது. ஐயர் அவசரப்படவில்லை, கையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பாமல் இருமியது.

கடைசியில் ஐயர் கையை எடுத்தார். என் கணவரின் பங்கை என் கையில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.